சீட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள்: பழைய எர்டிகாவோடு பெங்களூருவில்

செகண்ட் ஹேண்டில் ஏழு சீட்டு வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார்கள், சைலன்சர் புகையைப் பார்க்கிறார்கள், டயரைத் தடவிப் பார்க்கிறார்கள். எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் டிக்கியைத் திறந்து கடைசி வரிசை சீட்டைப் பாருங்கள். அதன் மேல் புது சீட் கவர் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆபீசில் தேனிக்காரத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். "அண்ணே, உங்க எர்டிகா எப்படிண்ணே ஓடுது? ஆறு லட்சத்துக்குள்ள மூணு வரிசை வண்டி ஒண்ணு பாக்கணும். அம்மா, அப்பா ரெண்டு பேரும் இங்கயே வந்துட்டாங்க." கேன்டீனில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதுவும் ஜே.சி. ரோட்டில் சீட் வேலை முடித்து வண்டியை எடுத்து வந்த மறுநாள் கேட்டுவிட்டார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது 2016 மாடல் மாருதி எர்டிகா, விடிஐ, எஸ்.எச்.வி.எஸ். (எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன ஹைப்ரிட் அமைப்பு) டீசல். பெங்களூரு பதிவு. ஓசூர் ரோடு பக்கத்தில் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டில் வாங்கினோம். "சிங்கிள் ஓனர் சார், ஐ.டி.காரர் வண்டி, வீக் எண்டு மட்டும்தான் எடுப்பார்" என்றார்கள். மீட்டரும் அதற்குத் தக்க மாதிரிதான் காட்டியது. எங்கள் மெக்கானிக்கும் கூட வந்து பார்த்தார். எஞ்சின் சத்தம், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்துவிட்டு "எடுக்கலாம் சார்" என்றார். எஞ்சினைப் பொறுத்தவரை அவர் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

முதலில் வண்டிக்கு நியாயம் செய்துவிடுகிறேன். இது 1.3 லிட்டர் டீசல், 1248 சிசி, 90 குதிரைத்திறன். ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர் தொடங்கி நம் ஊரில் எத்தனையோ வண்டிகளில் இதே எஞ்சின்தான் ஓடியது. அதனால் கிருஷ்ணகிரி பைபாஸில் நின்றுபோனாலும் சரி, வேடசந்தூர் தாண்டி நின்றுபோனாலும் சரி, இதைப் பிரித்துப் பார்த்த கை ஒன்று பக்கத்திலேயே கிடைக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். சொன்ன நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும். ஹைவேயில் ஆறு பேரும் ஏசியும் இருந்தும் லிட்டருக்கு 18-க்குக் குறையாமல் தருகிறது. சில்க் போர்டு, மாரத்தஹள்ளி நெரிசலில் 14-க்கு இறங்கும். கம்பெனி காகிதத்தில் இருப்பது 24.52. அதை நான் கணக்கில் வைப்பதே இல்லை.

2000 ஆர்.பி.எம்-முக்குக் கீழே இழுவை குறைவுதான். ஆள் நிறைய ஏறி மேட்டில் நின்று கிளம்பினால் யோசிக்காமல் முதல் கியருக்குப் போக வேண்டும். சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டதும் எஞ்சின் தானாக அணையும். பெங்களூரு சிக்னலுக்கு அது நல்ல வசதி என்று சிலர் சொல்வார்கள், எனக்கு ஒத்துவரவில்லை, பட்டனை அழுத்தி நிறுத்திவிடுவேன். இதெல்லாம் சின்ன விஷயம். ஓட்டப் பழகியவருக்கு ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

பெரிய விஷயம் கடைசி வரிசை.

வண்டி வாங்கியபோது வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பெண்கள், மாமியார். ஐந்து பேருக்கு எர்டிகா தாராளம். கடைசி வரிசையை மடக்கிப் போட்டுவிட்டால் டிக்கி ஒரு ரூம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் திண்டுக்கல்லிலிருந்து என் அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். ஆறு பேர். ஏழு சீட்டு வண்டியில் ஆறு பேர் போவதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் பைகளில் இருக்கிறது.

மூன்று வரிசையும் நிமிர்ந்து நிற்கும்போது இந்த வண்டியின் டிக்கி 135 லிட்டர். இரண்டு பள்ளிக்கூடப் பையும் ஒரு டிபன் கூடையும் வைத்தால் கதவு மூடும். அவ்வளவுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற குடும்பத்தின் பெட்டிகள் அதில் அடங்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமியாருக்கு இடுப்பு. கடைசி வரிசையில் தரை உயர்ந்து சீட் தாழ்ந்து இருக்கும், முழங்கால் நெஞ்சுக்கு வரும். அவர்கள் இருவரையும் அங்கே ஏற்றவே முடியாது. ஆக, நடு வரிசையில் சம்பந்தி இருவரும் சின்னவளும். கடைசி வரிசையில் பெரியவள் தனியாக. அவளுக்குப் பக்கத்தில், ஆள் உட்கார வேண்டிய இடத்தில், பெட்டிகள்.

சீட்டின் மேல் வைத்த பெட்டி நிற்காது. ஓசூர் வரைக்கும் நிற்கும், கிருஷ்ணகிரி டோல் தாண்டியதும் நகர ஆரம்பிக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போகிற லாரி பிரேக் பிடித்து நாமும் பிடித்தால், மொத்தமும் சரிந்து பெரியவள் மேல் வந்து விழும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று நெடுஞ்சாலை 44-ல் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது இன்னும் மோசம். அரிசி மூட்டை, தேங்காய், அம்மா விடாமல் ஏற்றுகிற சிறுமலை வாழைத்தார். "அப்பா, தேங்காய் மூட்டையை நான் கால்ல முட்டுக் கொடுத்துப் பிடிச்சிருக்கேன், நீங்க மெதுவாப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். கோபம் காட்டாமல்தான் சொல்வாள். ஓட்டுகிறவனுக்கு அது போதும், மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. கடைசி வரிசையில் ஒரு பக்கம் மட்டும்தான் பெல்ட் பக்கிள் வெளியே இருந்தது. வாங்கும்போதே யார்டில் கேட்டேன். "அந்த சைடு பக்கிள் போயிடுச்சு சார், பழைய வண்டியில அப்படித்தான், அங்க யார் உக்காரப் போறாங்க?" என்றார்கள். விருந்தாளி யாராவது வந்து ஏழாவது ஆளாக ஏறினால் பெல்ட் இல்லாமல்தான் உட்கார வேண்டும். பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்றாலும் 2019 திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், உயிர் என்ன ஆவது?

கேரியர் போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மேலே ஏற்றிக் கட்டி, தார்ப்பாய் போட்டு, மழையில் நனைந்து, காற்று இழுத்து, டீ குடிக்க நிறுத்துகிற இடமெல்லாம் மேலேயே ஒரு கண் வைத்து... எனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். சீட்டைப் பாதியாகப் பிரிக்க முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசி சீட் ஒரே நீள பெஞ்சு. மடக்கினால் முழுசாக மடங்கும், நிமிர்த்தினால் முழுசாக நிமிரும். வாங்கின நாளிலிருந்து அது அப்படித்தான் நடந்துகொண்டது.

தேங்காய் மூட்டை உரசி உரசி அந்த சீட்டின் கவர் ஒரு பக்கம் கிழிந்துபோனது. அதைத் தைக்கத்தான் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். பெங்களூருவில் வண்டி வைத்திருக்கிற யாருக்கும் அந்த ரோட்டைச் சொல்லத் தேவையில்லை. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகப் போக ஹெட்லைட், கண்ணாடி, மேட், சீட் கவர் என்று கடைகள்தான். நான் போனது நடைபாதையை ஒட்டி இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கும் ஒரு சின்னக் கடை. அங்கே சீட் வேலை செய்யும் பாய் வயசானவர், சிவாஜி நகர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். நடுவில் கையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"உள்ள கேப் இருக்கு பாருங்க சார். இது ரெண்டு பீஸ் சீட்டு. ஒரு பீஸ் கவரைத் தூக்கி மாட்டிருக்காங்க."

அழுத்தினால் விரல் உள்ளே இறங்கியது. மேலே விறைப்பாக ரெக்சின் இழுத்துத் தைத்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பிளேடால் தையலைப் பிரித்து கவரை உரித்தார். உள்ளே இரண்டு சீட், நடுவில் இடைவெளி. வலது பாதி மட்டும் தனியாக மடங்கியது, இடது பாதி நிமிர்ந்தே நின்றது. 2012-ல் வந்த முதல் எர்டிகாவில் கடைசி வரிசை ஒரே பெஞ்சு. 2015 அக்டோபரில் மாற்றி வந்த மாடலில்தான் அதை 50:50 என்று பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுடையது 2016. யார்டுக்காரர்கள் பழைய மாடலுக்குத் தைத்த மலிவான கவரைக் கொண்டுவந்து, இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே உறைக்குள் போட்டு, இழுத்துத் தைத்திருக்கிறார்கள். வேலை செய்யாது என்று சொன்ன அந்த பக்கிள் உறைக்கு அடியில் படுத்துக் கிடந்தது. பாய் அதை வெளியே எடுத்து, தூசியை ஊதி, பெல்ட்டைச் சொருகினார். டக் என்று பிடித்தது. எந்தக் கோளாறும் இல்லை.

அதற்கு அடியில் தெரிந்தது வேறு கதை. சீட் துணி நைந்து போயிருந்தது. ஆள் ஏறி இறங்குகிற இடது ஓரத்தில் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, ஃபோம் ஒரு பக்கமாக அமுங்கி, பெல்ட் நாடாவின் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. இடுக்கில் ஹேர் கிளிப் நாலைந்து, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. "இது வீட்டு வண்டி கிடையாது சார். ஸ்டாஃப் ட்ரிப் அடிச்ச வண்டி. நான் இந்த மாதிரி எவ்வளவோ பாத்துட்டேன்" என்றார் பாய். ஒயிட் போர்டிலேயே கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கை விரிக்கும். அப்படி ஓடிய வண்டிதான் வீக் எண்டு வண்டி என்று எங்கள் தலையில் கட்டப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். குடும்பத்துக்கு என்று வாங்கிய ஏழு சீட்டு வண்டியில் கடைசி வரிசை பெரும்பாலும் மடங்கியேதான் கிடக்கும். வருஷத்தில் சில நாள் குழந்தைகள் ஏறுவார்கள், அவ்வளவுதான். எட்டு வருஷம் ஆனாலும் அந்தத் துணியில் புதுசு வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கும். மீட்டரைத் திருப்பலாம், பெடல் ரப்பரை மாற்றலாம், ஸ்டியரிங்குக்கு உறை போடலாம், பாலிஷ் அடித்து பெயின்ட்டை மின்ன வைக்கலாம். கடைசி வரிசையின் ஃபோமைப் புதுசாக்க யாரும் செலவு செய்ய மாட்டார்கள், மேலே மூடத்தான் செய்வார்கள். மூன்று வரிசை வண்டி எப்படி ஓடியது என்பதற்கு அந்த சீட்டை விட நல்ல சாட்சி கிடையாது.

யார்டுக்குப் போனேன். "கவர் முன்னாடி ஓனர் போட்டது சார், எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். எங்கள் ரசீதிலேயே 'புது சீட் கவர் இலவசம்' என்று அவர்கள் கையெழுத்தில் இருக்கிறது. அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. "வண்டி நல்லா ஓடுதுல்ல சார்? அப்புறம் என்ன?" அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. வண்டி நன்றாக ஓடுகிறது, உண்மை. ஒரு மலிவான கவர் வேலைக்காக வேலை செய்கிற பெல்ட்டை மூடிவைத்து, அது கெட்டுப்போனது என்று என்னிடம் சொன்னவர்களுக்கு அது பதிலா? என் பெண் அத்தனை தூரம் மூட்டையைக் காலால் தாங்கிக்கொண்டு வந்தாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

சரி. சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும், அது உண்மையிலேயே பெரிய சந்தோஷம். பாய் இரண்டு பாதிக்கும் தனித்தனியாகத் துணிக் கவர் தைத்துக் கொடுத்தார், பக்கிளுக்கு வாய் விட்டு, மடக்குகிற லீவருக்கு இடம் விட்டு. ஃபோமையும் தட்டி நிரப்பினார். மொத்தச் செலவு யார்டில் அந்த ரெக்சினுக்குச் சொன்ன 'மதிப்பை' விடக் குறைவு. அதன் பிறகு ஊருக்குப் போன பயணம் வேறு மாதிரி இருந்தது. வலது பாதியை மடக்கி, டிக்கியோடு சேர்த்து நீளமாக ஒரு இடம். பெரிய பெட்டி இரண்டு படுக்கையாக, மேலே பைகள், அரிசி மூட்டை தரையோடு தரையாக. எதுவும் நகரவில்லை. இடது பாதியில் பெரியவள் பெல்ட் போட்டு, காலை நீட்டி, ஜன்னலில் தலையணை வைத்துத் தூங்கினாள். சேலம் வரைக்கும் அவள் சத்தமே இல்லை. நாமக்கல்லில் டீக்கு நிறுத்தியபோது என் மனைவி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கேரியர் பேச்சே வந்திருக்காதே" என்றாள். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு, பாதி மடங்கும் கடைசி வரிசையை விடப் பெரிய வசதி எந்த வண்டியிலும் கிடையாது. டச் ஸ்க்ரீன், அலாய் வீல் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஏசி பற்றித் தம்பி கேட்டிருந்தார். இந்த மாடலில் பின் ஏசி கூரையில், நடு வரிசைக்கு நேராக ஊதும்படி இருக்கிறது. கடைசி வரிசைக்கென்று தனி வென்ட் கிடையாது, அங்கே ஜன்னலும் திறக்காது. கூரை வென்ட்டின் மடலைப் பின்னால் திருப்பி, ஃபேனைக் கூட்டி வைத்தால் காற்று போய்ச் சேரும். தருமபுரி மத்தியான வெயிலில் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அம்மாவுக்கு நேராக ஊதினால் தலைவலி வரும் என்பதால் எங்களுக்கு இந்தத் திருப்பல் இரண்டு பக்கமும் லாபம்.

இனி தம்பிக்கு. ஆறு லட்சம், மூன்று வரிசை, அம்மா அப்பா, இரண்டு குழந்தைகள்.

இன்னோவா வேண்டும் என்று உங்கள் மனசில் இருக்கும், எல்லோர் மனசிலும் இருக்கிறது. 2005-ல் வந்ததிலிருந்து அதன் பெயர் அப்படி. உயரம், இடம், கூரையோரம் எல்லா வரிசைக்கும் ஏசி, கடைசி சீட் இரண்டு பாதியாகப் பிரிந்து பக்கவாட்டில் தூக்கி மாட்டிக்கொள்ளும். வயசானவர்களுக்கு நடு வரிசை சொர்க்கம். ஆனால் உங்கள் காசுக்குக் கிடைப்பது 2016-ல் கிரிஸ்டா என்ற புது இன்னோவா வருவதற்கு முந்தைய பழைய வண்டி. அதில் பெரும்பங்கு வாடகைக்கு ஓடி, அப்புறம் ஒயிட் போர்டாக மாறி வந்தவை. ஆர்.சி.யில் பழைய வகை என்ன, எத்தனை ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கடைசி வரிசைக்குப் போங்கள்.

ரெனோவின் டிரைபர் 2019-ல் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், பெங்களூரு பார்க்கிங்குக்கு வரம். கடைசி வரிசையில் இரண்டு தனி சீட், வேண்டாதபோது கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கம் பெட்டி வைக்கலாம், நான் தேடின வசதி அதுதான். 2021-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு ஸ்டார் வாங்கியது. ஆனால் 1 லிட்டர் எஞ்சின், 72 குதிரைத்திறன். ஊருக்குள் சரி. ஆள் நிறைந்து, ஏசி போட்டு, தொப்பூரில் ஏறும்போது பொறுமை வேண்டும். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் தேனிக்குப் போவீர்கள் என்றால் அதை ஒதுக்காதீர்கள்.

ஹோண்டாவின் மொபிலியோ, ஷெவர்லேயின் என்ஜாய் இரண்டும் சகாய விலைக்கு வரும். என்ஜாயைச் செய்த ஷெவர்லே 2017-ல் நம் நாட்டில் விற்பனையை நிறுத்திவிட்டது, மொபிலியோவும் அதே வருஷம் நின்றது. விலை குறைவாக இருக்கக் காரணம் அதுதான். பம்பர், ஹெட்லைட் தேடி சிவாஜி நகரில் பழைய உதிரிபாகம் விற்கிற குஜிரிக் கடைகளில் அலையத் தயார் என்றால் பாருங்கள், அலைய உங்களுக்கு நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

டெல்லி நம்பர் டீசல் வண்டி ஒன்று அரை விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தப் பயத்தில் அங்கே எட்டு, ஒன்பது வருஷத்திலேயே விலை சரிந்து வண்டிகள் தெற்கே வந்தன. வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, கர்நாடகத்தின் ஆயுட்கால வரி கட்ட வேண்டும். நாட்டிலேயே அதிக வரி வாங்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. அந்த வரியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு அரை விலையா என்று பாருங்கள். உங்கள் ஊர் நம்பர் வண்டிக்கும் இதே கணக்குதான். பெங்களூரு பதிவு வண்டியாகப் பார்ப்பது நிம்மதி.

காகிதம் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் அது முடிந்தது என்று வங்கி தரும் படிவம் 35, இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம். நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான். ரசீதில் மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது, வண்டி வாடகைக்கு ஓடியதில்லை, எல்லா பெல்ட்டும் வேலை செய்கிறது, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்று தயங்குகிறவரிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கத் தேவையில்லை.

அப்படியானால் எர்டிகா வாங்கலாமா? இவ்வளவு புகழ்ந்திருக்கிறேன். எஞ்சின் குறை வைக்கவில்லை, மைலேஜ் குறை வைக்கவில்லை, ஸ்பேர் எங்கும் கிடைக்கிறது, இப்போது கடைசி வரிசையும் எங்கள் வீட்டுக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. அம்மா இதை ராசியான வண்டி என்கிறார், விற்கிற பேச்சே எடுக்கக் கூடாதாம். ஆனாலும் தம்பி, 2016, 2017 டீசல் எர்டிகாவை இன்றைக்கு பெங்களூருவில் எந்த யார்டிலும் வாங்காதீர்கள். இந்த ஊரில் ஸ்டாஃப் ட்ரிப் அடிக்க அதை விடத் தோதான வண்டி அப்போது இல்லை. நல்லதும் இருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடையதே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு மாசம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

இரண்டாம் தலைமுறை எர்டிகா, 2018 நவம்பருக்குப் பிறகு வந்தது, பெட்ரோல், முதல் ஓனர் வீட்டு வாசலிலிருந்து நேராக. அதைத் தேடுங்கள். எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போதே டிக்கி 209 லிட்டர், கடைசி வரிசை பாதி பாதியாக மடங்கும், சாயவும் செய்யும். உங்கள் பட்ஜெட்டுக்கு ஒன்று ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் அவசரப்படாமல் காத்திருங்கள், அந்தச் சமயத்தில் என் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வாருங்கள்.

ராமமூர்த்தி நகரில் அப்படி ஒரு வண்டி இருப்பதாக என் மெக்கானிக் நேற்று போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவோம். அம்மாவையும் அப்பாவையும் கூட்டி வாருங்கள், நீங்கள் ஊருக்கு எடுத்துப்போகிற அந்த இரண்டு பெரிய பெட்டியும் வரட்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்து, பெட்டியை வைத்து, எல்லா பெல்ட்டையும் போட்டுப் பார்த்த பிறகு விலை பேசலாம். கவர் போட்டிருந்தால் கழற்ற பாயையும் வரச் சொல்லியிருக்கிறேன்.